யாரும் பார்க்காத கல்

"நம்ம முனியன் இனிமே உதவ மாட்டான், வாத்தியாரே" என்று பங்காரு செட்டியார் வாசலில் வந்து நின்றபோது ஜெபரத்தினத்துக்கு ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் ஆகியிருந்தது.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கறான். அவன் தெருவுல போனா எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. அவன் மச்சான் பொதட்டூர்பேட்டையிலேர்ந்து மேளத்தோட வந்துகினு இருக்கானாம்."

ஜெபரத்தினம் தலையில் கைவைத்துக்கொண்டார். மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரான அவர்தான் திருத்தணித் தத்துவ சங்கத்தின் காரியதரிசி. தலைவர் பங்காரு செட்டியார். உறுப்பினர் என்று வேறு யாரும் இல்லை. அன்று சாயங்காலம் பட்டணத்துப் பேராசிரியர் ஒருவர், சங்கத்தின் முதல் கூட்டத்தில் 'கண்ணில் படாத பொருள்களின் மகிமை' பற்றிப் பேச வருகிறார். பெயரைக் கேட்டிருக்கிறார்களே தவிர, இருவரும் ஆளைப் பார்த்ததில்லை. "உங்கள் ஊரில் யாருமே கவனிக்காத ஒன்றைப் பார்த்து வையுங்கள். அதன் பக்கத்தில் நின்றே பேசுகிறேன்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

தெருவிளக்கு ஏற்றும் முனியனை விட்டால் வேறு யார் என்று முந்தின நாள் அவனிடமே போய்ச் சொன்னார்கள். அவன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

"மனுஷங்க வேணாங்க" என்றாள் ஜெபரத்தினத்தின் மனைவி தபிதாள். "வாயில்லாத பொருளாப் பாருங்க."

"ஸ்டேஷன் ரோட்டுல புளியமரத்தாண்ட ஒரு கல்லு இருக்குதே" என்றார் பங்காரு.

"அங்கே கல் இருக்கிறதா?"

"பார்த்தீங்களா. தெனம் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போறீங்க."

ஜெபரத்தினத்துக்குப் பரம சந்தோஷம். மத்தியானமே இருவரும் குடத்தோடு புறப்பட்டார்கள். முழங்கால் உயரத்தில் கருப்பாக ஒரு கல். எதற்கும் உதவாத, யாருக்கும் வேண்டாத, அருமையான கல். பேராசிரியர் வரும்போது காக்காய் எச்சத்தோடு இருக்கக் கூடாதே என்று ஜெபரத்தினம் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். கல் பளபளத்தது.

கே.ஜி.கண்டிகைப் பக்கம் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்த குப்பம்மாள் கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"இது சும்மா கல்லும்மா."

"ஆங், ஆங்" என்றவள் தன் நெற்றிக் குங்குமத்தை எடுத்து அதற்கு வைத்துவிட்டுப் போனாள்.

இன்னொருவர் தொடாமலிருக்கச் சுற்றிலும் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினார் பங்காரு. கயிற்றைப் பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். கூட்டத்துக்கு விளக்கிச் சொல்லிவிடலாம் என்று ஜெபரத்தினம் ஒரு முக்காலி மேல் ஏறினார்.

"இதில் ஒரு விசேஷமும் இல்லை. மலையையே பார்த்துப் பார்த்து, காலடியில் கிடந்ததை நாம் மறந்துவிட்டோம்."

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். மலைக்குப் போகவிருந்த காவடி ஒன்று பாதையை விட்டு இந்தப் பக்கம் திரும்பியது. முனியனுக்காக வந்த மேளக்காரர்கள், கூட்டம் இங்கே என்று தெரிந்ததும் இங்கேயே நின்று வாசித்தார்கள். முனியன் கோபித்துக்கொள்ளவில்லை. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

தபிதாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஏங்க, போதகர் ஐயா இப்படித்தான் வந்துகினு இருக்காரு. மிஷன் வாத்தியார் கோயில் கட்டறாருன்னு யாரோ சொல்லிட்டாங்களாம்."

ஜெபரத்தினம் முக்காலியிலிருந்து குதித்துப் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றார். ஒரு கன்னத்தில் தாடியும் சட்டையெல்லாம் குங்குமமுமாக நின்ற அவரையே ஒரு கிழவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்கால வண்டி வந்தது, போனது. பட்டணத்துப் பெரிய மனிதர் யாரும் அதிலிருந்து இறங்கவில்லை. மரத்தடியில் மோர் விற்றுக்கொண்டிருந்த கௌரியம்மாளிடம் ஜெபரத்தினம் கேட்டார்.

"ஏம்மா, பட்டணத்திலேர்ந்து தத்துவம் பேசறவர் ஒருத்தர் வரணுமே, பார்த்தியா?"

அவள் மோர்ப்பானையை மூடிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு பகல் வண்டியிலேயே வந்து, சிரிச்சிகினே திரும்பிப் பூட்டாரே, நைனா. கல்லு மேல குந்தி மோர் குடிச்சிகினு இருந்தவரை நீங்கதானே, 'எழுந்திருப்பா, பெரிய மனுஷர் வராரு, கல்லைக் கழுவணும்'னு வெரட்டினீங்க."