மூலைக்கு மூலை எட்டு இன்ச்

என் நெட்டைராசாவுக்கு,

உங்கள் குட்டச்சி எழுதிக்கொள்வது. இங்கு நானும் தையல் மெஷினும் உங்கள் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. செத்துப்போனவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமல் விட்டால் கடுதாசி மாதிரியே இல்லை. அதனால் கேட்டதாக வைத்துக்கொள்ளவும். எழுத்துப் பிழை இருந்தால் வழக்கம்போல் சிரித்துவிட்டுப் படிக்கவும்.

விஷயம் என்னவென்றால், உங்கள் மகள் எனக்கு டேப்லெட் வாங்கித் தருகிறாளாம். போன் மாதிரியேதான், ஆனால் பாடப் புத்தகம் அளவுக்கு இருக்கும். என் போன் அடுப்படியில் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. விட்ட விரிசல் ஒரு ஓரமாக விட்டிருக்கக் கூடாதா, சரியாக உங்கள் மூக்கு மேலேயே போகிறது. எந்த மூக்கு என்பீர்கள். பெயிண்ட் அடிக்கப் போன இடத்திலிருந்து எனக்குப் போன் பண்றேன் பேர்வழின்னு வேற எதையோ அமுக்கி, உங்க மூஞ்சியையே வீடியோ எடுத்து அனுப்பினீங்களே, "ஏய் குட்டச்சி, தெரியுதா? நான் தெரியறேனா?"ன்னு, அந்த மூக்கு. போட்டோ எடுக்க வந்தா தலையைத் திருப்பிக்கிற மனுஷன். பேசிக்கிட்டு அசையற மாதிரி உங்களோடது அது ஒண்ணுதான் மிச்சம். அதைப் பாக்காம எனக்குச் சோறு இறங்கறதில்ல. பாத்தாலும் இறங்கறதில்ல, அது வேற.

மகள் சொல்றா, "எட்டு இன்ச் வாங்கிக்கோம்மா, சின்னது, லேசா இருக்கும், படுத்துக்கிட்டே பாக்கலாம்." மாப்பிள்ளை தனியா போன் பண்ணி, "அத்தை, பதினோரு இன்ச்தான் கண்ணுக்கு நல்லது, அவ பேச்சைக் கேக்காதீங்க"ங்கறார். ரெண்டு பேரும் ஒரே வீடுதான், ஒருத்தர் மாடியிலருந்தும் ஒருத்தர் வாசல்லருந்தும் பேசறாங்க. எனக்குத் தலை சுத்துது. அட்டையில மாதிரி வெட்டாம துணியில கத்திரி வைக்கிறவளா நான்? காலண்டர் அட்டையை எடுத்து எட்டு இன்ச் நீளத்துக்கு ஒண்ணு, பதினோரு இன்ச் நீளத்துக்கு ஒண்ணு வெட்டிட்டேன். வெச்சு வாழ்ந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு. உங்க தங்கச்சி பெரிய அட்டை மேல சுடுபாத்திரத்தை இறக்கி வெச்சுட்டு, "சூடு தாங்குது அண்ணி, இதையே வாங்குங்க"ங்கறா. சரின்னு சின்ன அட்டையை எடுத்துக்கிட்டுப் போய்ப் படுத்து, நெஞ்சு மேல நிறுத்திப் பாத்தேன். அவ எட்டிப் பாத்துட்டு, "அட்டையைப் பாத்து எதுக்கு அழறீங்க அண்ணி, இன்னும் படமே வரல"ங்கறா. அவளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க.

கடைசியில கடைக்கே போய்ட்டோம். பையிலருந்து அளவு நாடாவை எடுத்துச் சின்ன டேப்லெட்டை அளந்தா, எட்டுன்னு எழுதியிருக்கு, நீளம் ஏழு கூட இல்ல! "ஏம்மா, ஒரு இன்ச்சை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"ன்னேன். கடைப் பொண்ணு சிரிக்காம, "மூலைக்கு மூலை அளக்கணும் ஆண்ட்டி"ங்கறா. மூலைக்கு மூலை யாராவது அளப்பாங்களா? அப்படி அளந்து உங்களுக்கு நான் சட்டை தைச்சிருந்தா நீங்க பெயிண்ட் வேலைக்கா போயிருப்பீங்க, சோளக்கொல்லையில கை விரிச்சு நின்னிருப்பீங்க. உங்க தங்கச்சி வேற, "எங்க அண்ணிக்கு அளவு தப்பாதும்மா, கடையைத்தான் மாத்தணும்"னு சத்தம் போடறா. கூட்டம் கூடிப்போச்சு.

அப்புறம் அந்தப் பொண்ணு உங்க வீடியோவை என் போன்லருந்து ரெண்டுலயும் ஏத்திக் காட்டுச்சு. சின்னதுல அடக்கமா, அழகா இருந்தீங்க. பெருசுல வந்தீங்க பாருங்க, அடேயப்பா, மூக்கு முடியெல்லாம் தெரியுது. வெட்டுங்க வெட்டுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். காது மடல்ல நீலப் பெயிண்ட் ஒரு சொட்டு. போன்ல அது தெரியவே இல்ல. "தெரியுதா? நான் தெரியறேனா?"ங்கறீங்க. "தெரியுதுங்க, காதைத் தொடைங்க"ன்னு சத்தமாவே சொல்லி, வீட்டு ஞாபகத்துல விரல்ல எச்சில் தொட்டுத் தேச்சுட்டேன். கை பட்டதும் நீங்க சரேல்னு ஓரமா ஓடி மறைஞ்சுட்டீங்க. அந்த இடத்துல கடைக்காரங்க படம் ஒண்ணு, பூனைக்குட்டி உக்காந்திருக்கு. "கறை உள்ள இருக்கு ஆண்ட்டி, வெளிய தேச்சா போகாது"ன்னா அந்தப் பொண்ணு. எனக்குத் தெரியாதாம்மான்னு சொல்லிட்டுக் குனிஞ்சு செருப்பைத் தேடினேன். செருப்பு கால்லயே இருந்துச்சு.

அதனால சின்னதுதான்னு முடிவு பண்ணிட்டேன். பெயிண்ட் தெரியாது, மனசு பதறாது, மணிக்கட்டு வலிக்காது. இத்தனை காலம் உங்களை அண்ணாந்தே பாத்தாச்சு, இனிமே கையில தூக்கி வெச்சுப் பாத்துக்கறேன். குழப்பம் தீந்தது. இதில் இனி மாற்றம் இல்லை.

அங்கே அத்தை மாமாவைக் கண்டால் என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் தங்கச்சியைப் பற்றி எழுதியதைச் சொல்ல வேண்டாம். மகளையும் மாப்பிள்ளையையும் அங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணவும், தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் குட்டச்சி

பின்குறிப்பு: மேலே முடிவுன்னு எழுதினதைப் படிக்காத மாதிரி விட்டுடுங்க. கடுதாசியை உங்க சட்டைப் பையிலயே வைக்கலாம்னு, கடைசியா தைச்ச கோடு போட்ட சட்டையைக் கட்டில்ல விரிச்சேன். அதோட விட்டிருக்கலாம். மூலைக்கு மூலை அளந்து திருப்பி வெட்டின சின்ன அட்டையைக் காலருக்கு மேல, முகம் வர்ற இடத்துல வெச்சுப் பாத்தேன். எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு, நீங்க இல்ல. பெரிய அட்டையை வெச்சேன். பூசணிக்காய், அதுவும் நீங்க இல்ல. மகளுக்குப் போன் போட்டு, "ரெண்டும் வேணாம்டி, அப்பா சைஸ்ல ஒண்ணு பாரு"ன்னேன். அவ சிரிக்கல. "நடுவுல நிறைய இருக்கும்மா, எத்தனை இன்ச்னு சொல்லு"ங்கறா. கழுத்து பதினாறு, தோள் பத்தொம்பது, முழுக்கை இருபத்தஞ்சு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முகத்தை ஒரு நாளும் அளக்கலையே, சட்டைக்கு அது எதுக்கு. அவ போனை வைக்காம காத்துக்கிட்டிருக்கா. நாடாவும் என் கையிலதான் இருக்கு. நெத்தியிலருந்து தாடை வரைக்கும் நீங்க எத்தனை இன்ச்சுங்க?