காதுகுத்து அனுமதியில் ஒரு சீட்டாட்டப் படம்

ஒலக்கூர் திருமுருகன் கம்பெனி வேலையை விட்டுட்டுப் படம் எடுக்கக் கிளம்பினான். இப்போ ஊருக்கு நாலு பேர் அப்படித்தான் கிளம்புறாங்க. தாடி வளர்ந்தாலே டைரக்டர் ஆகணும்னு யாரோ சட்டம் போட்டுட்டாங்க போல. கதை இதுதான்: சீட்டாட்டத்தில் எல்லாத்தையும் தொலைச்ச ஒருத்தனை அவன் சிநேகிதன் மீட்டு, மனசுக்குப் பிடிச்ச வேலையில் சேர்த்துவிடுறான். சீட்டாடியா நடிக்க, பள்ளிக்கூடத்திலிருந்தே கூடச் சுத்துற ஆஸ்வின் ஒத்துக்கிட்டான்.

படப்பிடிப்பு திண்டிவனம் பக்கத்தில் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) குடோனில். அதற்கு விழுப்புரத்தில் 'நிகழ்ச்சிகள் அனுமதிப் பிரிவு' என்ற மாட்சிமை பொருந்திய அலுவலகத்தில் அனுமதி வாங்கணும். மேற்படி பிரிவின் பொறுப்பாளர் அரங்கநாதன் எட்டு நாள் அலையவிட்டு, ஒன்பதாவது நாள் மனமிரங்கினார்.

“சினிமாவுக்குன்னு ஃபாரம் இல்ல தம்பி. காதணி விழாவுக்குத்தான் இருக்குது. அதுலயே எழுதிக் குடு.”

“இது சீட்டாட்டப் படம்ங்க.”

“பந்தல் உண்டா? கூட்டம் வருமா? சாப்பாடு போடுவியா? அப்புறம் என்ன, காதுகுத்துதான்.”

காது குத்தப்படுபவர்: ஆஸ்வின். வயது: இருபத்தொன்பது. தாய்மாமன்: திருமுருகன். நிரப்பி நீட்டினதும் சீல் விழுந்துச்சு. வெளியே வந்து ரெண்டு பேரும் டீ குடிச்சுக்கினே சிரிச்சாங்க. சிரிக்கட்டும், பாவம்.

மூணாவது நாள், கடைசிக்கு முந்தின காட்சி. ஆஸ்வின் சீட்டை விசிறிப் பிடிச்சுக்கினு, “மனசுக்குப் புடிச்சதைச் செய்யறதுக்கு எதுக்குடா பயம்?” என்று வசனம் பேசினான். அடுத்த காட்சியில் சிநேகிதன் வந்து சீட்டைப் பிடுங்கி எறிந்து புத்தி சொல்லணும். அதற்குள் கள ஆய்வுக் குழுவோடு அரங்கநாதன் ஜீப்பில் வந்து இறங்கிட்டார்.

“காதுகுத்துல என்னய்யா சீட்டு?”

“நீங்கதானே அப்படி எழுதச் சொன்னீங்க? இது படம்ங்க.”

“படம்னு அனுமதியில எங்க இருக்குது, காட்டு.”

இல்லை.

“அப்போ இது சூதாட்டம். கேமராவுல இருக்கிற மெமரி கார்டு சாட்சி” என்று அதைக் கழட்டிப் பையில் போட்டுக்கினார்.

திருமுருகன் அவர் பின்னாடியே ஓடினான். எடுத்த படம் முழுக்க அந்த ஒரே கார்டில் இருந்தது. வேலையும் போய், அதுவும் போனால் அவனுக்கு மிச்சம் தாடி மட்டும்தான்.

“வழி சொல்லுங்க சார்.”

அரங்கநாதன் கோப்பைப் புரட்டினார். “அனுமதிப்படி விழா நடந்திருந்தா கேசே இல்ல. ஜல்தியா இவனுக்குக் காதைக் குத்து.”

ஆஸ்வின் திருமுருகனைப் பார்த்தான். “குத்துடா. கார்டு வரணும்ல?” என்றான்.

ஆசாரி வந்தார். தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் செல்லும்னு குழு கண்டிப்பா சொல்லிடுச்சு. எண்பத்தைந்து கிலோ ஆஸ்வின் ஏறி உட்கார, திருமுருகனுக்குத் தொடை மரத்துப்போச்சு. ஊசி ஏறினப்போ அலறினது யார்னு கோப்பில் குறிக்கப்படவில்லை. 'சீட்டாட்டம் ஏதுமின்றி விழா இனிதே நடைபெற்றது' என்று எழுதி, தாய்மாமனிடம் கையெழுத்து வாங்கினார் அரங்கநாதன்.

“கார்டுங்க?”

“சீட்டாட்டமே நடக்கலன்னு இப்பதானே கையெழுத்து போட்ட? நடக்காததுக்கு ஏது சாட்சி? இல்லாத கார்டை நான் எப்படித் திருப்பித் தர்றது?”

ஜீப் கிளம்பிப் போயிடுச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு அரங்கநாதன் பேரனுக்கு விழுப்புரத்தில் காதுகுத்து. கையில காலில விழுந்தாவது கார்டை வாங்கிடலாம்னு ரெண்டு பேரும் போனாங்க. இப்போ காதுகுத்துக்கும் எல்இடி திரை கட்டாட்டி கௌரவம் இல்லையே, பந்தலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒன்று நின்றது. அதில் திருமுருகனின் படம் ஓடிக்கினு இருந்தது. புத்தி சொல்ற காட்சிதான் எடுக்கவே இல்லையே, ஆஸ்வின் வசனத்தோடு அது முடிந்ததும் ஜனம் எழுந்து நின்று கைதட்டுச்சு.

அரங்கநாதன் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கினார். “தம்பி, உன் படம் என்னையே மாத்திடுச்சு.”

திருமுருகனுக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. பட்ட பாடெல்லாம் இதுக்காகத்தானே.

“இத்தனை வருஷமா ஆபீஸ்ல கதவைச் சாத்திக்கினு ஆடினோம். மனசுக்குப் புடிச்சதுக்கு எதுக்குப் பயம்? அதான் இன்னிக்கு வெளியிலயே.”

பந்தல் மூலையில் கள ஆய்வுக் குழு ஜமக்காளம் விரிச்சு, சீட்டைக் கலைச்சுக்கினு இருந்தது.

“இதுக்கு அனுமதிங்க?”

“காதுகுத்து அனுமதி இருக்குதே.”

கார்டைப் பற்றிக் கேட்கத் திருமுருகன் வாயைத் திறந்தான். அதுக்குள்ள ஆஸ்வின் கடுக்கனைத் தடவிக்கினே ஜமக்காளத்தில் இடம் பிடிச்சு உட்கார்ந்துட்டான். “எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போடுங்க,” என்றான்.

டைரக்டர் செருப்பைக் கழட்டினார்.

“பதிமூணு சீட்டுதானே?” என்று கேட்டுக்கினே உட்கார்ந்தார்.