ஆபரேஷன் பேட்டரிப் பெட்டிக்குத்தான்

கோவில்பட்டி,
வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை செல்வகணேஷ் அவர்களுக்கு, மாமனார் பூவனநாதன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் பிரேமலதாவும் என் பேரனும் நலமாக இருக்கச் செண்பகவல்லி அம்மன் துணை இருப்பாள். நலம் என்று முதல் வரியில் எழுதுவது எல்லாரும் செய்வதுதான். நான் இந்தத் தடவை ஒப்புக்கு எழுதவில்லை, பேனாவை அழுத்தியே எழுதியிருக்கிறேன், தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தால் தெரியும். மாப்பிள்ளை, எனக்கு எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை. மூலமும் இல்லை, குடலிறக்கமும் இல்லை. யாரும் வெட்டவும் இல்லை, தைக்கவும் இல்லை.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கூரியரில் அனுப்புகிறேன், அதுவும் வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு ஏன் என்று கேட்பீர்கள். போன் பேசினால் உங்கள் வீட்டுக்காரி ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். நான் ஹலோ சொல்லி, தொண்டையைச் செருமி, விஷயத்துக்கு வருவதற்குள் அவள் தீர்ப்பே சொல்லி முடித்துவிடுகிறாள். நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான். "எங்களுக்குத் தெரியாம ஆபரேஷன் வரைக்கும் போயிட்டீங்கல்லப்பா? இனிமே உங்க ரெண்டு பேரையும் அங்கன தனியா விடுததா இல்ல. ஞாயித்துக்கிழமை காரோட வாரோம். வீட்டப் பூட்டுதோம், புஞ்சையக் குத்தகைக்கு விடுதோம், கோயமுத்தூருக்குக் கெளம்புதோம்" என்றாள். "எம்மா, நான் சொல்லுததக் கொஞ்சம்..." என்றேன். கட் ஆகிவிட்டது.

மாப்பிள்ளை, நான் வரமாட்டேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். கோயமுத்தூர் நல்ல ஊர், தண்ணீரும் நல்ல தண்ணீர். ஆனால் இந்த வருஷம் நம் பக்கம் மழை ஏமாற்றாமல் பெய்து, புஞ்சையில் உளுந்து பூவெடுத்து நிற்கிறது. அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உங்கள் மூன்றாவது மாடி பால்கனியில் நின்று அடுத்த வீட்டுத் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நிஜமாகவே ஏதாவது ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டுவிடும். உங்கள் அத்தைக்கும் இதே கருத்துதான். நான் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்?

நடந்தது முழுவதையும் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். எட்டயபுரம் ரோட்டில் இருக்கிற புஞ்சைக்கு மாமா மூச்சு வாங்கச் சைக்கிள் மிதிக்கிறாரே என்று, சைக்கிளைக் கரண்டில் ஓட்டுவதற்கான சாமான் எல்லாம் அனுப்பினீர்கள். "மாமா, நீங்க கை வைக்காதீங்க, பொங்கலுக்கு வந்து நானே மாட்டித் தாரேன்" என்றும் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அட்டைப்பெட்டி தினமும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மோட்டார் வைத்த பின்சக்கரத்தைச் சைக்கிள் கடைக்காரர் மாட்டிவிட்டார். பாக்கி பேட்டரிதான். அதை வைக்க நீங்கள் அனுப்பிய பிளாஸ்டிக் தாங்கியை, தண்ணீர் பாட்டில் மாட்டுகிற இரண்டு ஓட்டையில் திருக வேண்டும் என்று படம் போட்டிருந்தது. என் சைக்கிளில் அந்த ஓட்டையே கிடையாது. அது வாங்கின காலத்தில் தாகமெடுத்தால் இறங்கி, யார் வீட்டிலாவது ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டுப் போவோம், சைக்கிளுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. கேரியரில் கட்டிவிடலாம் என்றார் கடைக்காரர். கேரியரில் பேட்டரி உட்கார்ந்தால் உங்கள் அத்தை எங்கே உட்காருவாள்? ஆக, பாருக்குக் கீழே இருக்கிற முக்கோணம்தான் இடம் என்று முடிவாயிற்று. அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. பேட்டரி என்றால் என்ன? பெட்டிக்குள் இருக்கிற நெருப்பு. நான் வேலை பார்த்தது எங்கே? தீப்பெட்டி ஆபீஸில், ஃபோர்மேனாக. நெருப்பைப் பெட்டிக்குள் அடைத்து ஊர் ஊராக அனுப்புவதுதான் என் பிழைப்பே. இதில் எனக்கு மேல் தெரிந்தவன் யார் என்று நினைத்துக்கொண்டு, வெல்டிங் கடை இசக்கிதுரையிடம் போய், பேட்டரி உட்கார ஒரு அடிப்பெட்டி, அதை நுழைக்க இரண்டு பக்கமும் திறந்த ஒரு மேல்பெட்டி, அச்சாகத் தீப்பெட்டி மாதிரியே தகட்டில் அடித்துக் கொடு என்றேன். தீப்பெட்டி நீளவாக்கில் தள்ளித் திறக்கும், இது குறுக்குவாக்கில் திறக்கும். சார்ஜ் போட வேண்டுமா, ஒரு விரலால் இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் வந்துவிடும்.

"ஒரு மூடி வச்சு, கொண்டி போட்டுத் தந்துருதேன் அண்ணாச்சி" என்றான்.

"ஏலே, தீப்பெட்டிக்கு எவனாவது கொண்டி போட்டுப் பாத்திருக்கியா?"

"தீப்பெட்டிய எவனும் சைக்கிள்ல மாட்டி மிதிச்சதும் இல்லயே."

வாய் கொஞ்சம் ஜாஸ்தி அவனுக்கு. ஆனால் சொன்னபடி அடித்துக் கொடுத்தான். குலுங்கக் கூடாது என்று உள்ளே ரப்பர் ஷீட் கொடுத்தேன், சூடு தாக்கக் கூடாது என்று தெர்மாகோல் கொடுத்தேன், பயத்துக்கு இன்னொரு சுற்று ரப்பர் ஷீட் கொடுத்தேன். எல்லாம் கொடுத்து முடிக்கும்போது பெட்டி ஒரு சாண் அகலம் வந்துவிட்டது. சைக்கிளை நிறுத்தி எட்ட நின்று பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் விடியக்காலம் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். வலது முழங்கால் மேலே வந்தது, அடிப்பெட்டியை இடித்தது, பெட்டி இடது பக்கம் போயிற்று, ஒயர் விட்டுப்போய்க் கரண்டு நின்றது. அடுத்து இடது முழங்கால் வந்தது, இடித்தது, பெட்டி பழைய இடத்துக்கு வந்தது, கரண்டும் வந்தது, சைக்கிள் ஒரு துள்ளுத் துள்ளியது. உடனே வலது முழங்கால். மாப்பிள்ளை, மெயின்ரோடு வரைக்கும் நிற்பதும் துள்ளுவதுமாகத்தான் போனேன். பின்னால் வந்த பால்காரர் முந்தவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் என்னோடு சேர்ந்து அவரும் துள்ளினார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு முழங்காலையும் நன்றாக வெளியே அகட்டி வைத்துக்கொண்டு மிதித்தால் பெட்டியில் படாது. படாமல் மிதித்தேன். சைக்கிள் பறந்தது. பொய் சொல்லவில்லை, எட்டயபுரம் ரோட்டில் எதிர்க்காற்றில் நான் சும்மா உட்கார்ந்து போனேன். அந்தச் சந்தோஷத்தில் முழங்காலைப் பற்றி யாருக்குக் கவலை?

கவலை வந்தது சைக்கிளை விட்டு இறங்கின பிறகுதான். தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு, இறங்கினாலும் கால் சேரமாட்டேன் என்றது. டீக்கடைக்கு அகட்டி அகட்டி நடந்து போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எழுந்து ஓரத்தில் எனக்கு இடம் விட்டார்கள். மரியாதை கூடியிருக்கிறதே, எலக்ட்ரிக் சைக்கிள் வந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாலைந்து நாளில் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டது. சாத்துக்குடி, ரஸ்க், ஹார்லிக்ஸ். என்ன நோய் என்று ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "எல்லாருக்கும் வாரதுதான், கூச்சப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டு உங்கள் அத்தை கொடுத்த காப்பியைக் குடித்தார்கள். மாடக்கண்ணு அண்ணாச்சி காற்றடித்த டியூப் ஒன்றைக் கொண்டு வந்து, "இதுமேல உக்காருங்க, நான் அந்தச் சமயத்துல இதுலதான் உக்காந்தேன்" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு டியூப் கொடுக்கிறார், நல்ல மனுஷன் என்று நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். உங்கள் அத்தை அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன சிரிப்பு என்றேன். "ஒண்ணுமில்ல, ரஸ்க் நிறையச் சேந்துபோச்சு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மழை. புஞ்சையில் இருக்கும்போது பிடித்துக்கொண்டது. நம் கரிசலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நனைந்துவிட்டால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஏறி அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாது. பெட்டியோ இரண்டு பக்கமும் திறந்த பெட்டி, தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. எனக்குப் பதறிவிட்டது. நீங்கள் அனுப்பினது அல்லவா. சைக்கிளைப் பக்கத்துப் புஞ்சை மோட்டார் ரூமில் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிப் பேட்டரியைச் சுற்றி, அதற்கு மேல் துண்டையும் சுற்றி, அடிவயிற்றோடு அணைத்துக்கொண்டு, சேறு மிதித்து ரோட்டுக்கு வந்து மினிபஸ் ஏறினேன். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிக்கெட் கூடக் கேட்காமல், "அவியளுக்கு எடம் விடுங்கப்பா" என்று சத்தம் போட்டார். தெருமுனையில் இறங்கி, வெற்றுடம்பும் அகட்டின காலும், வயிற்றைப் பிடித்த கையுமாக நான் வருவதை எதிர்வீட்டுக் கற்பகம் வாசலில் நின்று பார்த்தாள். "ஐயோ மாமா, தையல் பிரிஞ்சிட்டா?" என்றாள். பேட்டரியைச் சுற்றியிருந்த சட்டையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "பிரியல, கொஞ்சம் ஊறிட்டு" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரியின் போன். கற்பகத்தைத் தவிர வேறு யார் சொல்லியிருப்பார்கள்? பிரேமலதாவும் அவளும் ஒரே கிளாஸில் படித்தவர்கள், நம்பர் வைத்திருக்கிறாள். காலையில் அவளைக் கூப்பிட்டுக் கடுமையாகவே பேசிவிட்டேன். ஊர்க்கதையை வெளியூருக்கு ஏற்றுமதி செய்கிற வேலையை விட்டுவிடு என்றேன். நான் எதுவும் சொல்லவில்லை என்று கண்ணீர் விட்டாள். என்னிடம் நடக்குமா அந்தக் கண்ணீர்?

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. நேற்றுச் சேறு காய்ந்ததும் மோட்டார் ரூமிலிருந்து சைக்கிளை எடுத்து வந்துவிட்டேன். இன்று காலையிலேயே இசக்கிதுரை கடையில் உட்கார்ந்து, ரப்பரில் ஒரு சுற்றை உருவி, தெர்மாகோலைத் தூக்கிப் போட்டு, தகட்டை வெட்டி, பெட்டியை நாலு விரல்கடைக்கு ஒடுக்கியாயிற்று. இரண்டு பக்கமும் மூடி. கொண்டியும் உண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சாய்ந்த குழாயோடு சேர்த்துக் கிளாம்பு போட்டு இறுக்கியிருக்கிறது, ஒயர் இறங்குகிற ஓட்டை அடிப்பக்கம், மழைக்குப் பயமில்லை. புஞ்சைக்குப் போய் வந்தேன். முழங்கால் முழங்காலின் இடத்தில் இருக்கிறது, நடை பழைய நடை. ஆக ஆபரேஷன் நடந்தது பேட்டரிப் பெட்டிக்குத்தான், அதுவும் பிழைத்துக்கொண்டது. இதைப் பிரேமலதாவிடம் நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிட வேண்டும். உங்கள் வார்த்தைக்கு அங்கே மரியாதை இருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு இங்கே இருப்பது போல இல்லாமல்.

நீங்கள் ஆபீஸில் பெரிய பதவிக்குப் போகவும், பிரேமலதாவுக்குக் கோபம் குறையவும், பேரன் நன்றாகச் சாப்பிட்டுக் குண்டாகவும் அம்மன் அருள் புரியட்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர்கள் காதுக்கும் ஆபரேஷன் போயிருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டவும்.

இப்படிக்கு,
பூரண சுகத்துடன்,
பூவனநாதன்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் அத்தையிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன், பிழை இருந்தால் சொல்லட்டும் என்று. கடைசிவரை கேட்டுவிட்டு, "கற்பகம் பாவம், அவ போன் பண்ணல. நான்தான் பண்ணேன்" என்றாள். "பொய்யா ஒண்ணும் சொல்லல. அப்பா அகட்டி நடக்காவ, ஊர்ல ஆபரேஷன்னு பேசிக்கிடுதாவன்னு சொன்னேன். இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான். பேரனப் பாக்கப் போவோம்னு நானும் எத்தன தடவ சொல்லிட்டேன்? விதைப்பு முடியட்டும்னீங்க, களையெடுப்பு முடியட்டும்னீங்க, பொறவு இந்தப் பேட்டரி வந்துட்டு. புள்ள என் மூஞ்சியவே மறந்துரும். நீங்க உங்க உளுந்தோட இருங்க, நான் ஞாயித்துக்கிழமை கார்ல ஏறப்போறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்போது சிரிக்கவில்லை, மாப்பிள்ளை, அழுதுகொண்டிருந்தாள். அவள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு நாள் இருந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாருங்கள். காருக்கு மேலே சாமான் கட்டுகிற கேரியர் உள்ள வண்டியாக இருந்தால் நல்லது, சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். கற்பகம் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்துவிட்டு, இருக்கிற ரஸ்க்கை எல்லாம் கொடுத்து வந்தேன். வீட்டைப் பூட்டுங்கள், புஞ்சையைக் குத்தகைக்கு விட வேண்டாம். உளுந்து அறுப்புக்கு எங்களை இங்கே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். இதை மட்டும் உங்கள் அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.