பச்சையாகாத சந்து

கைபேசி நிறுவனத்தின் சிக்னல் வரைபடத்தில் நகரத்தின் எல்லாத் தெருக்களும் பச்சையாகிவிட்டன. ஒரே ஒரு சந்து மட்டும் சிவப்பாகவே இருந்தது.

"இது என்ன, மூக்கு நுனியில பரு மாதிரி?" என்று மேலாளர் திரையில் விரலை வைத்தார்.

"தையல்கடைச் சந்து சார். ஒரு புகார் பாக்கி இருக்கு. இன்னைக்குத்தான் போறேன்."

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள பச்சையாகணும். ஆச்சுன்னா அந்த நாற்காலி உங்களுக்கு. இல்லேன்னா இன்னும் ஒரு வருஷம் பையைத் தூக்கிட்டுத் தெருத்தெருவாத்தான்."

தெருத்தெருவாகச் சிக்னல் அளக்கும் அளவுக்காரர் ஜன்னலோரம் இருந்த அந்த நாற்காலியைப் பார்த்தார். சக்கரம் வைத்தது. கைப்பிடி இருந்தது. அதில் உட்கார்ந்தபடியே நகரத்தின் சிக்னல் முழுவதையும் திரையில் கவனிக்கலாம். அவரோ பதினோரு வருடங்களாக அதை நடந்து நடந்து கவனித்தவர். படி ஏறும்போது வலது முழங்கால் வலிக்கும், இறங்கும்போது இடது. இரண்டும் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டிருந்தன.

"முடிச்சுடறேன் சார்" என்று பையைத் தோளில் மாட்டினார்.

தையல்கடைச் சந்துக்குப் பெரிய கோபுரம் எட்டாது. அதனால் போன மாதம்தான் அங்கிருந்த விளக்குக் கம்பத்தில், சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு புதுப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். இருபது வீடுகளுக்கும் நாலு கடைகளுக்கும் அதுதான் சிக்னல் தர வேண்டும். மாட்டிய அன்றே புகார் வந்துவிட்டது.

அளவுக்காரர் வந்ததும் தையல்கார அம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

"புகார் குடுத்தது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க. என் பொண்ணு வெளியூர்ல நர்ஸ் படிப்பு படிக்கிறா. அஞ்சு மணிக்குத்தான் அவளுக்கு இடைவேளை. வீடியோல பேசுவா. அன்னைக்குப் பேசிட்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி அப்படியே நின்னுட்டா."

"என்னைக்கு?"

"அதோ கம்பத்துல ஏறிப் பெட்டி மாட்டிட்டிருந்தாங்களே, அன்னைக்கு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வந்துங்க..."

"அஞ்சாச்சு!" என்று அவர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம் இருங்கம்மா. புகார் எத்தனை மணிக்கோ, அளவும் அத்தனை மணிக்கே எடுக்கணும்."

பையைத் திறந்து பொத்தானை அழுத்தினார். உள்ளே வரிசையாக ஆறு கைபேசிகள் கண் விழித்தன. எதிர்ச் சலூன்காரர் கத்தரியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இத்தனை போனும் என்ன பண்ணும் சார்?"

"பெரிய பெரிய படமா நிறுத்தாம இறக்கும். எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பாத்து மார்க் போடும்."

"அவ்வளவு படத்தையும் யாரு பாப்பா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. இறங்கின உடனே அழிஞ்சுடும்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த படம் இறங்கும்."

சலூன்காரர் கத்தரியை இரண்டு முறை காற்றில் வெட்டிக்கொண்டார். பதினோரு வருட உழைப்பை ஒரே வரியில் கேட்டவர் வேறென்ன செய்வார்?

அதே நேரம் தையல்கார அம்மாவின் கைபேசி ஒலித்தது. திரையில் மகள் வந்தாள். "அம்மா, நான் இன்னைக்கு" என்றாள். அவ்வளவுதான். ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்துமாக உறைந்து நின்றுவிட்டாள்.

பையின் திரையும் சிவந்தது.

"பாத்தீங்களா!" அளவுக்காரருக்குச் சந்தோஷமே வந்துவிட்டது. வைத்தியர் எதிரிலேயே காய்ச்சல் ஏறினால் வைத்தியருக்கு வருமே, அந்தச் சந்தோஷம். "நல்லவேளை, நான் இருக்கும்போதே போச்சு. கவலைப்படாதீங்கம்மா. இது சரியாகற வரைக்கும் தினமும் அஞ்சு மணிக்கு நானே வருவேன்."

"ஐயோ, தினமுமா?" என்றார் அந்த அம்மா.

அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி வெந்நீர்ப் பாத்திரத்தைக் காலடியில் வைத்தாள்.

"நாற்காலி கிடைச்சுடுமாங்க?"

"ஒரு சந்துதான் பாக்கி. அந்தம்மா முகத்தைப் பாக்கணும் நீ. பொண்ணு அங்க ஒத்தைக் கண்ணோட நிக்குது, இவங்க இங்க 'சாப்பிட்டியா, சாப்பிட்டியா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அவங்களுக்குப் பொண்ணு குரல், உங்களுக்கு நாற்காலி. ரெண்டுக்கும் சேர்த்தே கடவுள்கிட்ட சொல்லி வைக்கறேன்."

"முதல்ல எதைச் சொல்லுவே?"

"அந்தம்மாவோடதைத்தான்."

அவர் யோசித்துவிட்டு, "ஆமாம், அதுதான் சரி" என்றார்.

மறுநாள் கம்பத்தில் ஆளை ஏற்றிப் பெட்டியின் முகத்தைக் கடைப்பக்கமாகத் திருப்பினார். திருப்பியதால் பலன் உண்டா என்று சரியாகத் தெரிய வேண்டாமா? கால் மணி நேரத்துக்குப் பதில் அரை மணி நேரம் அளவெடுத்தார். மகள் வரவே இல்லை. சலூனில் கைபேசியில் பாடிக்கொண்டிருந்த பாட்டும் பாதியில் நின்றது.

"நேத்து வரைக்கும் பாட்டு நல்லாத்தானே சார் இருந்துச்சு" என்றார் சலூன்காரர்.

"பரவுது" என்று அளவுக்காரர் கவலையோடு எழுதிக்கொண்டார்.

ஆறு கைபேசிகள் போதவில்லை, அதனால்தான் காரணம் பிடிபடவில்லை என்று அவருக்குப் பட்டது. பக்கத்து வட்டத்து அளவுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு பையை வாங்கிவந்தார். வியாழக்கிழமை இரண்டு தோளிலும் இரண்டு பை. பன்னிரண்டு கைபேசிகளும் படம் இறக்கின. அன்று எழுதுபொருள் விற்கும் நோட்டுக் கடையில் மின்கட்டணம் கட்ட வந்தவர்கள், கைபேசியை உயரத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் வரிசையாக நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் சரணடைந்ததுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். சந்தில் உள்ளவர்கள் எல்லோரும் தங்கள் கைபேசியில் ஒரு ஆப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து மணிக்கு அது தானே அளவெடுத்து அனுப்பிவிடும். அளவுக்காரர் வீடு வீடாகப் படியேறினார். வலது முழங்கால், இடது முழங்கால், வலது, இடது. யாரும் முகம் சுளிக்கவில்லை. "நீங்க கேட்டா முடியாதுன்னு சொல்லுவோமா சார்?" என்றே கைபேசியை நீட்டினார்கள்.

அன்று ஐந்து மணிக்கு அவருடைய பன்னிரண்டும் சந்தின் நாற்பதும் ஒன்றாகப் படம் இறக்கின. சாதாரண அழைப்புகூடப் போகவில்லை. எதிரெதிர்க் கடைக்காரர்கள் சாலையைக் கடந்து வந்து பேசிக்கொண்டார்கள்.

"அந்த ஆப்பை எடுத்துடறேன்" என்றார் அளவுக்காரர் களைத்த குரலில். எடுக்க, மறுபடி எல்லாப் படியும் ஏறினார்.

அடுத்த வாரம் சிக்னல் திருந்தவில்லை. மனிதர்கள்தான் மாறியிருந்தார்கள். இத்தனை அன்பை அவர் எந்தத் தெருவிலும் கண்டதில்லை. திங்கட்கிழமை அவர் போவதற்குள் முக்காலியின் மேல் ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தது. நோட்டுக் கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். ஐந்தே கால் ஆனதும் தையல்கார அம்மா, "போதும் சார், எவ்வளவுதான் பாடுபடுவீங்க, கிளம்புங்க" என்பார். சலூன்காரர் அவர் கையிலிருந்து பைகளைப் பிடுங்கிக்கொண்டு சந்துமுனை வரை கொண்டுவந்து விடுவார். விட்டுவிட்டு உடனே திரும்ப மாட்டார். இவர் அடுத்த தெருவில் மறையும் வரை அங்கேயே நிற்பார்.

'என் மேல இவ்வளவு பாசமா' என்று நினைத்துக்கொண்டே நடந்தார். இவர்களுக்காவது இதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று உறுதி கொண்டார்.

புதன்கிழமை தையல்கார அம்மாவின் கைபேசி ஐந்து மணிக்கு ஒலிக்கவே இல்லை.

"என்னம்மா, பொண்ணு கூப்பிடலையா?"

"அவ இடைவேளை நேரத்தை மாத்திக்கிட்டா சார். இப்பல்லாம் ஆறு மணிக்குத்தான் கூப்பிடறா."

"அப்படியா? அப்ப நானும் இருந்து ஆறு மணிக்கே அளவு எடுத்துடறேனே."

"வேண்டாம் சார்!" அந்த அம்மா ஊசியைக் கையில் குத்திக்கொண்டார். "உங்களுக்கு முட்டி வலி வேற. வீட்டுல தேடுவாங்க. நீங்க போய் ஓய்வெடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தனக்கு ஆயிரம் கவலை இருக்க, அடுத்தவர் முழங்காலை நினைக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? அவர் அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னபோது அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மேலாளரே வந்தார். சந்துக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய வண்டி. அதன் கூரை முழுக்கக் கம்பிகள், உள்ளே இன்னும் இருபது கைபேசிகள். சந்து வாயிலேயே அதை நிறுத்திவிட்டு, அளவுக்காரரின் இரண்டு பைகளையும் திறக்கச் சொன்னார். மணி ஐந்து. எல்லாவற்றையும் ஒன்றாக முடுக்கினார்கள்.

திரை சிவக்கவில்லை. கறுத்துவிட்டது.

"என்னய்யா இது! இந்த நிறமே வரைபடத்துல கிடையாதே!" என்றார் மேலாளர். தலைமை அலுவலகத்தைக் கேட்கலாம் என்று தம் கைபேசியை எடுத்தார். அதிலும் ஒன்றும் இல்லை. சற்று நேரம் நெற்றியைத் தேய்த்துவிட்டு, அளவுக்காரரை ஓரமாக அழைத்துப்போய்ப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இங்க பாருங்க. உங்களை நான் கைவிட மாட்டேன். புகார் குடுத்தவங்களே 'சரியாயிடுச்சு'ன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும், நான் பச்சை பண்ணிடறேன். திங்கக்கிழமை நீங்க வந்து நாற்காலியில உக்காருங்க. அந்தம்மா போடுவாங்கல்ல?"

"கேட்டா போடுவாங்க சார்" என்றார் அளவுக்காரர். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

தாளை வாங்கிக்கொண்டு தையல்கடைக்கு நடந்தார். இருபது அடி தூரம்தான். அதற்குள் பதினோரு வருடமும் கூடவே நடந்து வந்தது.

"என்ன சார் அது?" என்று தையல்கார அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. சிக்னல் சரியாயிடுச்சு, புகாரை முடிச்சுக்கலாம்னு எழுதியிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா எனக்கு ஆபீஸ்ல உக்கார்ற வேலை."

"அவ்வளவுதானே? குடுங்க!" அந்த அம்மா துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியையே எடுத்துவிட்டார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுப் பேனாவைத் தேடினார். "எங்க போடணும்? இங்கயா? ரெண்டு இடத்துல வேணும்னாலும் போடறேன்."

அளவுக்காரர் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா."

"ஏன் சார்?"

"சரியாகாததைச் சரியாயிடுச்சுன்னு உங்களை எழுத வச்சு, அதுமேல நான் உக்காரணுமா? இன்னும் ஒரு வருஷம் நடந்துட்டுப் போறேன். கடவுள் கால் குடுத்திருக்கார்."

"சத்தியமாச் சொல்றேன் சார், சரியாத்தான் இருக்கு. தினமும் பொண்ணுகூடப் பேசறேன். நேத்து அவ வாங்கின மார்க்கெல்லாம் காட்டினா."

"எனக்காகப் பொய் சொல்லாதீங்கம்மா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க இரக்கம் எனக்குப் புரியுது. இப்பதானே திரையைப் பாத்துட்டு வரேன்? கறுப்பு!"

தையல்கார அம்மா தவித்துப்போய்ச் சலூன்காரரைப் பார்த்தார். அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். நோட்டுக் கடைக்காரர் தண்ணீர்ச் சொம்போடு வந்து, அதைத் தாமே குடித்தார்.

"பத்து நாளா உங்க எல்லாரையும் பாடாப் படுத்திட்டேன்" என்றார் அளவுக்காரர். "என்னால முடியல. மன்னிச்சுடுங்க. ஆனா நான் விடமாட்டேன். நாளைக்கு மூணு பையோட வரேன்."

சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

சலூனுக்குள் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு ஒருவர் சாய்ந்திருந்தார். பக்கத்துத் தெருக்காரர், மாதம் ஒருமுறை சவரத்துக்கு வருபவர். சந்துக் கதை முழுவதையும் சற்று முன்புதான் சலூன்காரரிடம் கேட்டிருந்தார். சலூன்காரர் பாய்ந்துபோய் அவர் வாய்மேலேயே தூரிகையை வைத்துத் தேய்த்தார். ஆனாலும் அவர் அதைத் தள்ளிவிட்டு, நுரையை ஊதிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, இந்த மனுஷன் பையை அணைச்சுட்டுக் கிளம்பின அடுத்த நிமிஷமே சந்து பூரா சிக்னல் பிச்சுக்கிட்டு வருதுன்னு, மனசு நொந்துடுவாரேன்னு பயந்து பயந்து, இன்னும் ஒருத்தர்கூட அவர்கிட்ட சொல்லலையா?"