ஹாயுமார்காவில் அறுபத்தொரு பேர்

புவெனஸ் ஐரிஸில் காய்கறிக் கடை வைத்து, முப்பத்தொரு வருஷமாக அண்ணன் முகத்தைப் பார்க்காமலே சீரும் சிறப்புமாக இருந்துவரும் என் தங்கை ஹெனோவேவாவுக்கு, அண்ணன் செவேரோ எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். என் வலது முட்டி நலமில்லை. ஆனால் நீ அதை ஒருநாளும் விசாரித்ததில்லை என்பதால் அதுவும் உன்னை விசாரிக்கவில்லை. பட்டியில் நிற்கிற லாமாக்கள் பதினொன்றும் நலம். ருஃபினோ மச்சானின் தொப்பை நலமா, இன்னும் வளர்கிறதா என்று அறிய ஆவல்.

போன மாதம் நீ போனில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். "அண்ணே, ஊருல ஆள் கொறைஞ்சு போச்சாமே, தலை எண்ண வர்றாங்களாமே, நாங்க வரணுமா? கடையப் பூட்ட முடியாது, இருந்தாலும் கேக்குறேன்" என்றாய். கேட்கிற அழகைப் பார். ஒன்றும் வேண்டாம். நீ இல்லாமலே சமாளித்துவிட்டோம். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் மூன்றாம் வகுப்பு வரைதான், இரண்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்ததால் அதை நான்கு வருஷப் படிப்பு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். ஐம்பது பேருக்குக் குறைந்தால் ஹாயுமார்கா இனி ஊரே இல்லையாம், கீழே இருக்கிற தோலாபம்பாவின் ஒரு மூலையாகச் சேர்த்து எழுதிவிடுவார்களாம். நகராட்சியில் முடிவாகிவிட்டது. தோலாபம்பா, ஹெனோவேவா. திருவிழாவுக்குப் போன நம் குழல்காரர்களுக்குத் தண்ணீர் ஊற்றிய சிச்சாக் கள்ளைக் கொடுத்த அதே தோலாபம்பா. அந்த ஊர்த் தலைவன் வென்ச்சுரா மோட்டார் சைக்கிளில் ஏறி வந்து, "மாமா, இனிமே நீங்க எங்க ஊரு மூலை. மூலைக்கு எதுக்குத் தனிப் பேரு? பலகையக் கழட்டிக் குடுங்க, எங்க கோழிக்கூட்டுக்குக் கதவு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்த ஊர் சரித்திரம் உனக்குத் தெரியாததல்ல. ஆனால் உன் பேத்தி வளர்ந்ததும் நீ அவளுக்குத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொடுப்பாய், அதனால் எழுதிவைக்கிறேன். உப்பு எடுக்க வந்த ஏழு குடும்பம் மழையில் மாட்டிக்கொண்டு தங்கியதுதான் ஊர். மழை நின்றது, அவர்கள் கிளம்பவில்லை, ஆகவே நம் முதல் முப்பாட்டன் சோம்பேறித்தனம்தான். அப்புறம் பண்ணையார் வந்தார், நம்மையும் லாமாக்களையும் ஒரே பட்டியலில் போட்டு நானூறு தலை என்று எழுதினார், அதில் நம் தாத்தா எத்தனையாவது தலை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பண்ணையார் போனார், நிலம் நம்முடையதானது, நம் அம்மாக்கள் போட்டி போட்டுக்கொண்டு பெற்றார்கள், நீ பிறந்த வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதுதான் உச்சம். நீ பிறந்ததிலிருந்து இறக்கம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய வறட்சியில் பாதிப்பேர் எல் ஆல்டோ பட்டணத்துக்குப் போனார்கள், மிச்சத்தில் பாதி சாவோ பாவுலோவில் தையல் மெஷின் மிதிக்கப் போனது, நீ தக்காளி விற்கப் போனாய். இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் இருபத்து மூன்று பேர்.

தலை எண்ண வந்த பெண் பெயர் மரிபெல். சாந்தா குரூஸ் பக்கத்துச் சமவெளிக்காரி, நம் மலைச் சங்கதி எதுவும் தெரியாது. அக்டோபரிலேயே வரவேண்டியவள். வண்டி சேற்றில் புதைந்து, மேலே ஏற ஏறத் தலைசுற்றி, ஒருவழியாக நவம்பர் முதல் தேதி சாயங்காலம் வந்து பள்ளிக்கூடத்தில் படுத்தாள். மறுநாள் காலையில் வீடு வீடாகக் கிளம்பினாள். தேதி புரிகிறதா? தக்காளிக்கு நடுவே மறந்திருப்பாய். முதல் தேதி மத்தியானம் நம் செத்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், ஒரு ராத்திரி தங்குகிறார்கள், மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். செத்த ஆளுக்கொரு ரொட்டி, கண்ணும் மூக்கும் வைத்துச் சுட்டு மேசையில் அடுக்கியிருக்கும். அந்த நாளில்தான் இவள் போனாள். நாய்களை விரட்ட நான் கூடப் போனேன்.

முதல் வீடு பாஸ்குவாலா வீடு.

"அம்மா, நேத்து ராத்திரி இந்த வீட்ல தங்குனவங்க எத்தனை பேரு?"

"ஒம்போது பேரு."

மரிபெல் உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு நாற்காலி, ஒரு பூனை.

"எல்லாரும் எங்க?"

"உள்ளதான் இருக்காங்க. மத்தியானம் கெளம்பிருவாங்க, அதுக்குள்ள எழுதிக்க தாயி."

"வீட்டுக்காரரு வயசு?"

"எம்பத்தி ரெண்டு. பத்து வருசமா எம்பத்தி ரெண்டுதான்."

"என்ன வேலை செய்யிறாரு?"

"ஒண்ணுமில்ல. படுத்தே கெடக்காரு."

"ஒடம்பு சரியில்லையா?"

"முந்தி சரியில்லாம இருந்துச்சு. இப்ப ஒரு தொந்தரவும் இல்ல."

பாஸ்குவாலாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, உனக்கே தெரியும். ராத்திரி தங்கினவர்கள் எத்தனை பேர் என்று அவள் கேட்டாள், இவள் தங்கினவர்களைச் சொன்னாள். மரிபெல் என்னைப் பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன். அவள் எழுதிக்கொண்டாள்.

எல்லா வீட்டிலும் இதே கதை. பாதர் மகன் எர்மோஹெனெஸ் வீட்டில் பதினொரு பேர் என்றதும், "ஒரே ரூம்லயா? இவ்வளவு நெருக்கமா?" என்று கேட்டுவிட்டாள். "பழக்கந்தான் தாயி. அவங்க இருக்குற எடத்துலயும் நெருக்கந்தான்" என்றான் அவன். பாதருக்கு ஏது மகன் என்று கேட்காதே, அது இந்த ஊர்ச் சரித்திரத்தில் இன்னொரு அத்தியாயம்.

கடைசியில் என் வீடு. நான், என் பெண்டாட்டி, அம்மா, அப்பா, நாலு பேர் என்றேன். அம்மா ரொட்டிக்கு இரண்டு கன்னமும் கருகிவிட்டது, அப்பா ரொட்டி மட்டும் வழக்கம்போல உப்பிக்கொண்டு முறைத்தது. மரிபெல் மேசையோரம் போட்டிருந்த முக்காலியைக் காட்டி, "இது யாருக்கு?" என்றாள்.

"அது என் தங்கச்சிக்கு."

"அவங்களும் ராத்திரி தங்குனாங்களா?"

"இல்லம்மா. செத்தவங்க வருசம் ஒரு தடவ தவறாம வந்துருவாங்க. அவ உயிரோட இருக்கா, அதான் வர மாட்டேங்குறா."

அதை எழுத அவள் கையிலிருந்த கணக்கெடுக்கும் கருவியில் கட்டம் இல்லையாம்.

பன்னிரண்டு அடிக்கக் கால்மணி இருக்கும்போது கூட்டிச் சொன்னாள். அறுபத்தொரு பேர். "மூணு வருசத்துல ஊரு வளந்திருக்கே" என்று சந்தோஷப்பட்டாள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். அவளுக்கு உருளைக்கிழங்கும் ஆட்டுக்கறியும் போட்டு, பெயர் வைக்காத ஒரு ரொட்டியையும் கையில் கொடுத்து அனுப்பினோம். ஊர் நிலைத்துவிட்டது. பெயர்ப் பலகைக்குப் புதுச் சாயமும் அடித்தாயிற்று. ஆகவே நீ வர வேண்டாம். உன் கடையைப் பார், மச்சான் தொப்பையைப் பார், சௌக்கியமாக இரு.

நம் மலைகள் எட்டிப் பார்க்கிற தூரம் வரைக்கும் உனக்கும் உன் வீட்டாருக்கும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும். உன் மருமகளுக்கு என் ஆசீர்வாதம். அவள் சமையலைக் குறை சொல்லாதே, நீ சுட்ட ரொட்டியை அம்மா ஆட்டுக்குப் போட்டாள்.

இப்படிக்கு, இன்னும் பட்டியலில் உயிரோடுள்ளவர்கள் பக்கம் இருக்கும் உன் அண்ணன்,
செவேரோ.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வென்ச்சுரா வந்துவிட்டான். அவர்கள் ஊருக்கும் அதே காலையில் இன்னொரு பெண் போயிருக்கிறாள். "மாமா, நாங்க எழுநூத்தி நாப்பது பேரு" என்றான். அவர்கள் கல்லறை பெரியது, என்ன செய்வது. அது போகட்டும், அம்மா பிறந்த ஊர் அதுதானே, சித்தி வீட்டிலும் அவளுக்கு ஒரு ரொட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே ராத்திரியில் இரண்டு ஊரில் தங்கியிருக்கிறாள், வயது நூற்று ஆறு. நகராட்சிக் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. டிசம்பர் பத்தாம் தேதி மறுபடி எண்ணுகிறார்கள். நேரில் நின்று கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மட்டும்தான் கணக்காம். எல் ஆல்டோவிலிருந்து ஒரு லாரியில் இருபத்தொரு பேர் வருகிறார்கள். அவர்களோடு நாங்கள் நாற்பத்து நாலு. நீ, மச்சான், இரண்டு பையன்கள், மருமகள், பேத்தி, விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக ஆறு. மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்றால் தாள் கிழிகிறது, அதனால் இதை மட்டும் படி. கடையைப் பூட்டிவிட்டு வா ஹெனோ. பேத்தி பெருவிரலைச் சப்பிக்கொண்டே இருப்பாளாமே, அதை வாயிலிருந்து எடுத்துத் துடைத்துக் கூட்டிக்கொண்டு வா.