ஏழாம் நம்பர் குழாய்

கோபம் வந்தால் எல்லோருக்கும் வாயிலிருந்து ஏதாவது வெளியே வரும். நான் ஒருமுறை உள்ளே போட்டுக்கொண்டேன். அந்த அசிங்கத்தை நானே எழுதிவிடுகிறேன். அடுத்தவன் எழுதினால் இன்னும் கூட்டிச் சொல்லுவான்.

நான் வேதியியல் பேராசிரியர். தீவுகளில் வாழும் மக்கள் எந்த நோய்க்கு எந்தச் செடியை அரைக்கிறார்கள், அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. (பட்டாசுக்குப் பேர்போன எங்கள் ஊர் தாயில்பட்டியில் இது யாருக்கும் பிடிக்கவில்லை. "கெமிஸ்ட்ரி படிச்சவன் மத்தாப்புக்குப் புதுக் கலர் கண்டுபிடிக்காம, எலை தழை பொறுக்கிட்டு அலையுறான்" என்றார்கள். கிடக்கிறார்கள்.)

இரண்டாயிரத்து ஆறில் முதல் பயணம். கப்பலில் போய், ஒரு தீவில் மூன்று வாரம் இருந்து, இலை, பட்டை, வேர் என்று ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகமே அந்தச் சாக்குக்குள் இருப்பதாக நினைப்பு. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை மதுரையில் ஒரு குழு அவற்றைப் பார்க்கும். பிடித்திருந்தால் மறுபடி தீவுக்கு அனுப்பும். இல்லையென்றால் அத்தோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

கல்லூரி ஆய்வகத்தைப் பரீட்சைக்காகப் பூட்டிவிட்டார்கள். வீட்டிலேயே காயவைத்து, இடித்து, சலித்தேன். அப்பா, அம்மா இருவரும் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்த வீடு. தூள் என்றாலே கை தானாக அதற்குரிய வேலையைச் செய்கிறது. பொறி பறக்கும் இரும்புக் கரண்டி இல்லை, மரக் கரண்டி. வாசலில் ஈரச் சாக்கு. மூலைக்கு மூலை மணல் வாளி, தண்ணீர் வாளி. வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடுவது. இலைத் தூளுக்கு இதெல்லாம் எதற்கு? என் மண்டையில் ஏறவே இல்லை.

தூள் அடைக்க வைத்திருந்த பாட்டில் தீர்ந்துபோனது. என் அக்கா முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே கம்பெனிக்கு வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டிக் கொடுப்பவள்.

"ஏலே, குழாய் சும்மாதான கெடக்கு? இதுல அடைச்சிருவோம்லே" என்றாள்.

அடைத்தாள். பழக்கதோஷத்தில் இரண்டு முனையிலும் களிமண் வைத்து மூடினாள். நாற்பத்திரண்டு குழாய்கள், நம்பர் ஒட்டி, முறத்தில் வரிசையாக நின்றன. அப்படி ஓர் அழகு! சந்தோஷத்தில் அக்காவுக்குக் கை கொடுத்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து அரை மூளைகூட இல்லை.

தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வெடி செய்பவர்களைப் பிடித்துக்கொண்டிருந்த சமயம். எவனோ போன் போட்டுவிட்டான். (எவன் என்று தெரியும். இன்றுவரை அவனோடு பேச்சில்லை.) வியாழக்கிழமை காலை வாசலில் ஜீப். ஓர் இன்ஸ்பெக்டர், ஓர் ஏட்டு.

"வீட்டுக்குள்ளயே கம்பெனி நடத்துறீகளோ? எம்புட்டு நாளா?"

"சார், இது இலைத் தூள். நான் புரபசர்."

"போன வாரம் பிடிச்சவரும் வாத்தியார்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு ஒரு குழாயை மோந்து பார்த்தார். "புது மிக்ஸிங்கா இருக்குய்யா. வாடையே வேற."

தூள் பிடிபட்டால் அங்கேயே தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிடுவார்கள். ஏட்டு வாளியைத் தூக்கினார். நான் வைத்த வாளி! என் மூன்று வாரம், என் வெள்ளிக்கிழமை, இனிமேல் போகவேண்டிய தீவுகள் அத்தனையும் அந்த ஒரு வாளித் தண்ணீரில் போகப்போகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"வெடித் தூளை எவனாவது திம்பானாய்யா? பாரும்! நல்லாப் பாரும்!"

கைக்கு வந்த குழாயை உடைத்து, உள்ளங்கை நிறையக் கொட்டி, வாயில் போட்டு விழுங்கினேன்.

ஏட்டு வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். "சரி, பத்து நிமிசம் பாப்போம்" என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். விடுவேனா? தீவு மக்களின் வைத்திய அறிவைப் பற்றி ஒரு பிரசங்கம் ஆரம்பித்தேன். கையை ஆட்டிப் பேசியபோதுதான் கையிலிருந்த குழாயின் நம்பர் கண்ணில் பட்டது. ஏழு.

ஏழாம் நம்பர் வேரைக் கொடுத்த தீவு வைத்தியர் சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டி, "இவ்வளவு போதும், ஓர் ஆளின் வயிறு சுத்தமாகிவிடும்" என்று சொல்லியிருந்தார். அதை நான் அழகாக நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

வயிற்றுக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஏட்டுக்கும் கேட்டது.

"ஐயா, உள்ள திரி பத்திக்கிருச்சு!"

கொல்லைப்பக்கத்துக் கக்கூசுக்கு ஓடினேன். பின்னால் அக்காவின் அலறல்: "ஏட்டய்யா, அந்த வாளிய இங்கன குடுங்க! என் தம்பிக்கு வேணும்!"

முதல் வாளி போனது. இரண்டாவது போனது. மூலையில் இருந்த அத்தனை தண்ணீர் வாளியும் ஒவ்வொன்றாக என்னிடமே வந்தன. குழாய்களை ஊறவைக்க வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசியில் கதவுக்கு வெளியே இன்ஸ்பெக்டரின் குரல் மரியாதையாகக் கேட்டது.

"சார், இது வெடி இல்லேன்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. நீங்க இருங்க, நாங்க வாறோம்."

மறுநாள் மதுரையில், குழுவில் ஒருவர் கேட்டார்: "இந்த வேர் உண்மையிலேயே வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?" நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கதவின்மேல் வைத்தபடி, "இருக்கிறது" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மறுபடி தீவுக்கு அனுப்பினார்கள். வைத்தியரிடம் கதையைச் சொன்னேன். மனிதர் மணலில் விழுந்து புரண்டு சிரித்துவிட்டு, ஊரைக் கூட்டி, என்னை முதலிலிருந்து நடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

அதன்பின் எத்தனையோ தீவுகளுக்குப் போய்விட்டேன். கோபம் மட்டும் குறையவில்லை. ஆனால் இன்றைக்கும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் அக்கா எழுந்துபோய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, என் காலடியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.