உள்ளே வரலாமா?

எங்கள் அலுவலகத்தில் ‘உத்தரவு’ என்ற பட்டப்பெயரால் மட்டுமே அறியப்பட்டவர், இவ்வுலகில் எதையும் அனுமதி கேட்காமல் தொட்டதில்லை. லிஃப்ட் கதவு திறந்தால், “வரலாமா?” என்பார். அது பதில் சொல்லாமல் மூடிக்கொள்ளும். அவர் படியேறி வருவார். தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் வழி கேட்டு நுழைந்தவர், பொங்கலுக்குத்தான் மறுமுனையில் வெளிப்பட்டார் என்பது நான் பரப்பிய வதந்தி.

அடையாற்றில் இருந்த அந்த அலுவலகத்துக்கு ஒரே வேலை. தம் நிலத்துக் காட்டை வெட்டாமல் காப்பவர்களுக்கு அரசு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தரும். காடு நிற்கிறதா என்று உள்ளே சென்று பார்த்து அவர் கையெழுத்திட வேண்டும். கணக்கு அதிகாரியான நான் தொகையை விடுவிக்க வேண்டும். அவரோ காட்டின் விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, “அரசாங்கத்துலேருந்து வந்திருக்கோம், உள்ள வரலாமா?” என்று உரக்கக் கேட்பார். பதில் வந்ததாகத் தமக்குத் தோன்றும்வரை நுழைய மாட்டார்.

சாந்தோம் பிலோமினா டீச்சரின் காட்டுக்கு நாங்கள் போனது கெடு முடியும் நாளன்று. கோவளத்துக்கு அப்பால், காலமான அவருடைய கணவர் விட்டுச்சென்ற புதர்க்காடு. அன்று கையெழுத்தாகாவிட்டால் தொகை நின்றுவிடும். நின்றால் நிலத்தை விற்றுவிட மகன் ஆள் பார்த்து வைத்திருந்தான்.

உச்சி வெயில். டீச்சரும் வந்திருந்தார். உத்தரவு கேட்டார், காத்திருந்தார், மீண்டும் கேட்டார்.

“இன்னா சார் இவரு, செடியாண்ட பேசிக்கினு கீறாரு!” என்றார் டிரைவர் கபாலி. “உள்ள கீற பாம்பு வந்து கையப் புட்ச்சி இட்டுக்கினு போவுமா?”

“சார், இது என் நிலம். நான் சொல்றேன், போங்க,” என்றார் டீச்சர்.

“நீங்க வெளியில நிக்கிறீங்கம்மா. உள்ள இருக்கிறவர் இன்னும் சொல்லல.”

“உள்ள யார் சார் இருக்கா?”

அவர் காட்டின் பக்கம் காதைச் சாய்த்தார். சிள்வண்டுகள் ஓய்ந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். கடற்காற்று எங்கள் சட்டைகளை அலைத்தது. காட்டில் ஓர் இலையும் அசையவில்லை. நான் உத்தரவின் இடக்கையைப் பற்றிக்கொண்டேன்.

“வாங்க, வாங்க. வெயில்ல நிக்காதீங்க.”

உள்ளிருந்து வந்தது ஓர் ஆண்குரல். விருந்தினரை அழைக்கும் சாதாரணக் குரல். கபாலி ஜீப்பில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார். டீச்சர் நெற்றியில் சிலுவை இட்டுக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரர் யாரையும் ரெண்டு தடவை ‘வாங்க’ சொல்லித்தான் கூப்பிடுவார்,” என்றார், எங்களைப் பார்க்காமல்.

“ரொம்ப சந்தோஷம் சார்,” என்று புதர்களை நோக்கிச் சொல்லிவிட்டு உத்தரவு நுழைந்தார். நானும் இழுபட்டுச் சென்றேன். களாச் செடிகளும் வீரை மரங்களும் அடர்ந்து நின்றன. மனிதர் எவருமில்லை, மணலில் எங்கள் காலடிகளைத் தவிர வேறு தடமும் இல்லை. அவர் கையெழுத்திட்டார். தொகை போய்ச் சேர்ந்தது. காடு இன்றும் நிற்கிறது.

“அவரே மிமிக்ரி பண்ட்டாருபா,” என்று கபாலி சொல்லித் திரிந்தார். உத்தரவின் உதடுகள் அசையவில்லை என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். இதைப் பற்றி அவரிடமே கேட்டிருக்கலாம். சென்ற மாதம் அவரை மயிலாப்பூர் மயானத்தில் விட்டுவிட்டு வந்தோம்.

அந்தக் கையை நான் பற்றியது பயத்தினால்தான். பயம் தெளிந்த பிறகும் விடவில்லை. மறு கையால் கையெழுத்திட்ட அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.